பேர்ட்ஸ்வில் பாதைக்கு ஒரு பட்டைக் கட்டு

போர்ட் அகஸ்டாவில் கடல் முடிகிறது. ஸ்பென்சர் வளைகுடா குறுகிக் குறுகி, கடைசியில் ஓர் ஆற்றின் அகலத்துக்கு வந்து இந்த ஊரில் அடங்கிவிடுகிறது. அடிலெய்டிலிருந்து வடக்கே 300 கி.மீ. மேற்கே பெர்த்துக்குப் போகிறவர்களும் வடக்கே டார்வினுக்குப் போகிறவர்களும் இங்கேதான் பிரிகிறார்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய மட்டும் உப்புப் புதரும் செம்மண்ணும். பாலைநிலத் தாவரப் பூங்கா ஒன்று இருக்கிறது, தவறவிடாதீர்கள் என்றார்கள். நான் தவறவிட்டேன். அந்தப் பகல் முழுக்க ஒரு ஸ்பிரிங் பட்டறையில் கழிந்தது. அதற்காக வருத்தமில்லை.

என் நண்பன் அடிலெய்டில் மின்பணி ஒப்பந்தக்காரன். அவனுடைய டொயோட்டா ஹைலக்ஸ்தான் எங்கள் வாகனம். பிக்கப்பை அந்த நாட்டில் ‘யூட்’ என்கிறார்கள். வார நாட்களில் வேலைக்கும் விடுமுறையில் பாலைவனத்துக்கும் அதே வண்டி. மரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை 517 கி.மீ. மண்பாதையில் போவது எங்கள் திட்டம். பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோதுதான் வண்டியின் பின்புறம் வலப்பக்கமாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தோம். குனிந்து பார்த்தால், பின் அச்சின் மேல் பாரம் தாங்கும் கமான் பட்டைக் கட்டில் மேலிருந்து இரண்டாவது பட்டை முறிந்து கிடந்தது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். முறிந்த துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். முறிவின் ஓரத்தில் பிறை வடிவில் துருப்பிடித்த கருமை. மீதி இடமெல்லாம் மணல் மணலாகப் பளிச்சென்ற சாம்பல் நிறம். கரும்பிறை, விரிசல் பல மாதமாக மெல்ல ஊர்ந்த இடம். பளிச்சென்றிருப்பது ஒரே அடியில் போன இடம். பிறையின் நடுவே, பட்டையின் மேல்முகத்தில் கடுகளவு பள்ளம். இரண்டு பட்டைக்கு நடுவே எப்போதோ சிக்கிய கல் தோண்டியது அது. பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்கிறது. அப்போது இழுபடுவது மேல்முகம். அங்கே ஒரு கீறல் போதும், எஃகு அதிலிருந்து கிழியத் தொடங்கும்.

“இருப்பதிலேயே விறைப்பான கட்டைப் போட்டுவிடுங்கள்” என்றான் நண்பன். அவர் சிரிக்கவில்லை. முதலில் எடை போட்டு வாருங்கள் என்று எடைமேடைக்கு அனுப்பினார். முன்சக்கரம் மட்டும் ஒருமுறை, பின்சக்கரம் மட்டும் ஒருமுறை, மொத்தமாக ஒருமுறை.

மொத்தம் 3,180 கிலோ. அந்த வண்டிக்கு நிறுவனம் வைத்த வரம்பு, ஆளும் டீசலும் சரக்கும் சேர்த்து 3,050. கூடுதலாக ஏறியிருந்ததில் பெரும்பகுதி பின் அச்சின் மேல்தான். புதுப் பட்டை போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். வண்டி நிமிரும், வரம்பு நிமிராது என்றார். தடித்த ஸ்பிரிங் மாட்டிக்கொண்டால் கூடுதல் பாரம் ஏற்றும் உரிமை வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஆஸ்திரேலியாவிலும் நிறையப் பேர். வரம்பை ஏற்ற வேண்டுமென்றால் சான்றிதழ் பெற்ற மாற்றம் செய்து, வண்டியில் புதுத் தகடு அடித்திருக்க வேண்டும். அந்தத் தகடு இல்லாவிட்டால், விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க ஒரு காரணம் கிடைத்துவிடும்.

ஆகவே பட்டறை வாசலிலேயே வண்டியைக் காலி செய்தோம். என்னென்னவோ வந்தது. வேலைக்கான கருவிப் பெட்டி, பாதி தீர்ந்த கேபிள் சுருள், ஒரு ஜெனரேட்டர், விறகு. பாலைவனத்துக்கு விறகு! இதில் நண்பனைக் கேலி செய்ய எனக்குத் தயக்கமாக இருந்தது, ஏனென்றால் அவனுக்கும் பெரிய முன்னோடி உண்டு. 1844-இல் அடிலெய்டிலிருந்து கண்டத்தின் நடுப்பகுதியைத் தேடிக் கிளம்பிய சார்ல்ஸ் ஸ்டர்ட், அங்கே ஒரு உள்நாட்டுக் கடல் இருக்கும் என்று நம்பி ஒரு படகையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடல் கிடைக்கவில்லை; கற்பாலைவனம் கிடைத்தது. அதற்கு அவர் பெயரே நிலைத்தது. படகை வழியில் விட்டுவிட்டுத் திரும்பினார்.

எங்கள் படகைப் பட்டறைக்காரர் தன் கிடங்கில் வைத்துக்கொண்டார். மறுபடி எடை போட்டால் 3,020.

அதற்குப் பிறகுதான் பட்டை பற்றிய பேச்சே. அலமாரியில் ஹைலக்ஸுக்கான கட்டுகள் பாரத்தின்படி தரம்பிரித்து அடுக்கியிருந்தன. வெறும் வண்டிக்கு ஒன்று, நிலையான பாரம் 300 கிலோவுக்கு ஒன்று, அதற்கு மேலே இன்னொன்று. இதில் ‘நிலையான’ என்பதைத்தான் அவர் திரும்பத் திரும்ப அழுத்திச் சொன்னார். பயணத்தில் ஏறுகிற பாரம் கணக்கில்லை. வண்டி வீட்டு வாசலில் நிற்கும்போதும் இறங்காத பாரம் எது? பின்தட்டின் மேல் பொருத்திய கூண்டு, இழுப்பறைகள், குளிர்பெட்டி, இரண்டாவது உபரிச் சக்கரம். கூட்டினால் 300 கிலோவை ஒட்டி வந்தது. தண்ணீர், உணவு, கேன் டீசல் எல்லாம் வந்து போகும் விருந்தாளிகள்.

விருந்தாளியை மனதில் வைத்து விறைப்பான கட்டைப் போட்டால் என்ன ஆகும்? மற்ற நாளெல்லாம் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும். பள்ளத்தில் பட்டை வளைந்து கொடுக்காது. அச்சு துள்ளும், சக்கரம் தரையை விடும். பட்டை வாங்கிக்கொள்ள மறுத்த அடி, வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போகும், ஷாக் அப்சார்பர் பிடிமானத்துக்குப் போகும், கடைசியில் நம் இடுப்புக்கு வரும். மெலிந்த கட்டைப் போட்டாலோ, பாரம் ஏறியதும் பட்டை தட்டையாகி, அச்சு ரப்பர் கட்டையில் இடிக்கும். முன்சக்கரம் லேசாகி ஸ்டீரிங் மிதக்கும். ஹெட்லைட் மரத்தின் உச்சியைக் காட்டும்.

பழைய கட்டிலேயே இன்னொரு பட்டை செருகினால் மலிவாக முடியாதா என்பது என் கேள்வி. முடியும், ஆனால் தடிப்பைப் பார்த்துச் செருக வேண்டும் என்றார். பட்டையின் அகலம் இரட்டித்தால் விறைப்பு இரண்டு மடங்கு. தடிப்பு இரட்டித்தால் எட்டு மடங்கு. தடித்த பட்டை ஒன்றே ஒன்று நுழைந்தாலும் கட்டின் குணமே மாறிவிடும். அதோடு, களைத்துப்போன பழைய பட்டைகளுக்கு நடுவே விறைத்த புதுசு ஒன்று வந்தால் பாரத்தில் பெரும்பங்கை அதுவே சுமக்கும். பட்டைக்குத் துணையாக அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் காற்றுப்பையை அவர் அடியோடு மறுத்தார். கமான் பட்டை பாரத்தைச் சட்டத்தின் இரண்டு இடங்களில், முன்னும் பின்னுமாக இறக்குகிறது. நடுவில் காற்றுப்பை வைத்தால் அச்சுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் முட்டுக்கொடுத்ததாகிவிடும். பின்னால் தொங்கும் கனம் அந்தப் புள்ளியின் மேல் சட்டத்தை மடக்கிவிடும்.

முடிவில் எடுத்தது 300 கிலோ கட்டு. மேலே சற்று மெல்லிய பட்டைகள். அடியில், பாரம் ஏறி மற்றவை தாழ்ந்த பிறகே தொடுகிற தடித்த உதவிப் பட்டை. பட்டை முனைகளுக்கு நடுவே உரசலைக் குறைக்கும் வழுவழுப்பான வில்லைகள். நண்பனுக்கு முகம் தொங்கிவிட்டது. இரும்பு போதவில்லை என்று தோன்றியிருக்கும்.

மாட்டுகிற வேலையில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பட்டைக் கட்டை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் பழைய யூ போல்ட்டை அவர் நிமிண்டிக்கூடப் பார்க்கவில்லை. கிரைண்டரால் அறுத்துப் போட்டுவிட்டுப் புதியது எடுத்தார். ஒருமுறை இழுபட்டு இறுகிய யூ போல்ட்டை மறுபடி நம்பக் கூடாதாம். பட்டையின் இரு நுனிகளிலும் உள்ள புஷ் போல்ட்டுகளை விரலால் திருகியதோடு விட்டார். வண்டியைத் தரையில் இறக்கி, எங்கள் பாரத்தை முழுக்க ஏற்றச் சொல்லி, அதற்குப் பிறகே அடியில் படுத்து அவற்றை இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடி, சீக்கிரம் கிழியும். ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைச் சாயத்தில் ஒரு கோடு இழுத்தார். முதல் சில நூறு கிலோமீட்டரில் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து உட்காரும், மரீயில் மறுபடி இறுக்குங்கள் என்று திருகுவிசையின் அளவை அட்டையில் எழுதிக் கொடுத்தார்.

மரீ ஒரு காலத்தில் ரயில் நகரம். பழைய கான் ரயில் 1980-இல் நின்றுபோக, தண்டவாளமும் துருப்பிடித்த எஞ்சின்களும் மிச்சம். இங்கிருந்துதான் டாம் குரூஸ் கிளம்புவார். நடிகர் இல்லை; 1936 முதல் இருபது ஆண்டுக்கும் மேலாக இந்தப் பாதையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தபால் லாரி ஓட்டியவர். கடிதத்தோடு மளிகை, எரிபொருள், இடையில் ஏறும் ஆட்கள். மணல்மேட்டில் புதைந்தால் சக்கரத்தடியில் இரும்புத் தகடுகளைப் போட்டு ஏற்றுவார். அவரை வைத்து எடுத்த ‘தி பேக் ஆஃப் பியாண்ட்’ படம் 1954-இல் வெனிஸில் பரிசு வாங்கியது. அவருடைய லேலண்ட் பேட்ஜர் லாரி இப்போது பேர்ட்வுட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. முன்னும் பின்னும் கமான் பட்டை. வேறு சொகுசு கிடையாது.

பட்டறைக்காரர் சொன்னபடி மரீயில் நட்டுகளை இறுக்கினோம். ஒன்று மட்டும் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. வெள்ளைக்கோடு லேசாக முறிந்தது.

பாதையில் ஏறியதும் அலைமேடு தொடங்கியது. மண்சாலையின் குறுக்கே, அரை மீட்டர், ஒரு மீட்டர் இடைவெளியில், விரலளவு ஆழத்துக்கு வரி வரியாக. யார் இழுத்து வைத்தது? சக்கரங்களேதான். ஒரு வேகத்துக்கு மேல் உருளும் சக்கரம் சிறு மேட்டில் துள்ளி, விழுந்த இடத்தில் மண்ணைத் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்குகிறது. மெதுவாகப் போனால் ஒவ்வொரு மேட்டிலும் ஏறி இறங்க வேண்டும். டயர் காற்றைக் குறைத்துவிட்டு 70, 80-இல் போனால் சக்கரம் மேட்டின் தலைகளை மட்டும் தொட்டுக்கொண்டு மிதக்கிறது. அந்த மிதப்பில் எனக்கு வியப்பைவிடப் பயமே அதிகம். பிரேக் எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு கதை.

வழியில் கூப்பர் ஓடை காய்ந்து கிடந்தது. மழை ஆண்டுகளில் இங்கே மிதவையில் வண்டியை ஏற்றித்தான் கடத்துவார்களாம். பாதி வழிக்கு முன்பே முங்கரானி விடுதி. இறங்கியதும் நண்பன் ஷாக் அப்சார்பரைத் தொட்டுப் பார்த்து, விரலை உதறினான். பட்டை விழுங்கிய குலுக்கலையெல்லாம் சூடாக மாற்றி வெளியே விடுவது அதுதான். உள்ளே எண்ணெய் நுரைத்துவிட்டால் பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. ஆறவிட்டோம். பிறகு ஸ்டர்ட்டின் கற்பாலைவனம்: அடிவானம் வரை மெருகேறிய சிவந்த கற்கள் பரப்பிய தரை, ஒரு மரமில்லை. இங்கே ஒரு மனிதர் படகைப் பற்றி யோசித்தார் என்பதை நினைக்கவே மலைப்பாக இருந்தது.

1884-இல் கட்டிய பேர்ட்ஸ்வில் ஹோட்டலின் முன்னால் இன்னொரு யூட் நின்றது. கேபினுக்கும் பின்தட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மேலே அகன்றும் கீழே கிட்டத்தட்ட ஒட்டியும் இருந்தது, சட்டம் வளைந்துவிட்டது. அடியில் காற்றுப்பைகள் இரண்டும் முழுதாக, நல்ல காற்றோடு இருந்தன. நண்பன் ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் வண்டிக்கு வந்து, அச்சு மையத்திலிருந்து சக்கர வளைவு வரை இரண்டு பக்கமும் நாடாவால் அளந்தான். ஓட்டுநர் பக்கம் 8 மி.மீ. தாழ்வு. தண்ணீர் கேனை இடப்பக்கம் நகர்த்திக் கட்டினோம். மறுபடி அளந்தபோது 3 மி.மீ. போதும் என்று சொல்லிவிட்டு பீர் வாங்கப் போனான்.