‘ஒண்ணுமில்ல பெரியம்மா’

ஜூலை 7, திங்கள்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் குட்டிக்குப் பரிசோதனை. (அவள் பெயரை இந்த நோட்டில் எழுதுவதாயில்லை. அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிற சட்டம் பத்திரிகைக்காரர்களுக்கு மட்டுமில்லை. நோட்டு யார் கையில் சிக்கும் என்று யார் கண்டது!) டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்தபோது எடை? தெரியாது. தடுப்பூசி அட்டை? இல்லை. குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை, ஆஸ்துமா? எங்களிடம் அவளை வளர்க்க ஒப்படைத்துக் குழந்தைகள் நலக் குழு கொடுத்த உத்தரவு நகலில் இதெல்லாம் இருக்காது. நர்சம்மா அவள் சட்டைக் கையை ஏற்றி இடது தோளைத் தடவினார். “பிசிஜி தழும்பு இருக்கு. குழந்தையிலயே போட்டிருக்காங்க.” பதினோரு வயசுக்கு அவள் உடம்பு வைத்திருக்கும் ஒரே ரெக்கார்டு அதுதான். பத்து வயதில் போட வேண்டிய டிடி ஊசியை இன்றைக்கே போட்டாயிற்று. ஹீமோகுளோபின் 9.6. இந்த வயதுக்கு 11.5 ஆவது இருக்க வேண்டுமாம்.

ஜூலை 8, செவ்வாய்

இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பம். டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி என்றேன். வெளிக்குக் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் நாலு நாள் யாரிடமும் சொல்லாமல் பயந்துகொண்டே இருப்பாள்.

காலைச் சாப்பாடுதான் பிரச்சினை. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளியிலேயே காலை உணவு. ஆறாவது வந்ததும் கிடையாது. வளரும் பிள்ளைக்குப் பசி எடுக்கிற வயசில் நிறுத்துகிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஜூலை 12, சனி

ராத்திரி சப்பாத்தியை வலது பக்கமே மென்றுகொண்டிருந்தாள். “பல்லு வலிக்குதா?” “ஒண்ணுமில்ல பெரியம்மா.” விழுந்து முட்டி பெயர்ந்தாலும் இதே பதில்தான். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் ஒண்ணுமில்லைதான். வலிக்கிறது என்றால் வைவார்கள், அல்லது செலவு வைக்கிறாய் என்பார்கள், அல்லது வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் எதைப் பார்த்து வளர்ந்தாளோ. டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழே இடது கடைவாய்ப்பல்லில் கறுப்பாக ஒரு குழி. சோறு அடைந்திருந்தது.

அது பால்பல் இல்லை. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, பின்னால் தானாக முளைக்கிற பல். பால்பல்தானே, விழுந்துவிடும் என்று நிறையப் பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். இந்தப் பல் போனால் போனதுதான்.

2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 44ஆம் பிரிவு: பிள்ளையின் படிப்பு, உடல்நலம், சாப்பாடு எல்லாம் வளர்க்கிற குடும்பத்தின் பொறுப்பு. வலிக்கிறது என்று சொல்லப் பழக்குவதையும் அதில் சேர்த்துத்தான் படித்துக்கொள்கிறேன். இனிமேல் தினமும் படுக்கும் முன் என் வீட்டுக்காரர் முதலில் சொல்ல வேண்டும், இன்றைக்கு உடம்பில் எங்கே வலி என்று. பிறகு நான். பிறகு அவள்.

ஜூலை 14, திங்கள்

அரசு ஆஸ்பத்திரி. பல்லைச் சுத்தம் பண்ணி அடைத்துவிட்டார்கள். பிடுங்க வேண்டி வரவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

குட்டியின் அம்மா வந்திருந்தாள். தன் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் அவள் முகம் தெளிந்திருக்கிறது. இப்படி வளர்க்க வரும் பிள்ளைகளைப் பெற்றவர்களை எதிராளி மாதிரி பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அவளிடம் நிறைய வேலை இருக்கிறது. குட்டிக்கு ஒன்றரை வயதில் காய்ச்சலோடு ஜன்னி வந்ததாம், இரண்டு தடவை. அதற்கப்புறம் இல்லை. அவள் பாட்டிக்குச் சர்க்கரை. டாக்டர் படிவத்தில் காலியாக இருந்த இடங்களுக்குக் கொஞ்சம் கிடைத்தது. எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. நாத்தனார் வந்தாள். குட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். “அண்ணி, இது சீக்கிரம் உட்கார்ந்துரும் போலிருக்கே. தாய்மாமன் சீருக்கு யாரைக் கூப்பிடுவீங்க?” கேள்வியில் விஷமில்லை, நிஜக் கவலைதான். ஊருக்குச் சொல்லி அமர்க்களம் பண்ணப்போவதில்லை என்றேன். வேண்டுமா வேண்டாமா என்பதைக் குட்டியும் அவள் அம்மாவும் சொல்லட்டும்.

சாயங்காலம் மாடியில் வைத்துக் குட்டியிடம் எல்லாம் பேசினேன். எப்படி வரும், எத்தனை நாள், நாப்கினை எத்தனை மணிக்கு ஒருதரம் மாற்றுவது. நர்சம்மா தரும் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டினேன். தொடக்கூடாத இடத்தில் யாராவது தொட்டால், சொந்தக்காரராக இருந்தாலும் என்னிடம் சொல், என்னிடம் சொல்ல முடியாவிட்டால் 1098 என்றேன்.

“தெரியும். பக்கத்து வீட்டு அக்கா அந்த நம்பர்லதான் எனக்காகப் பேசினாங்க.”

எனக்கு அடுத்த வார்த்தை வர நேரமாயிற்று. அவள் நாப்கினின் ஒட்டுக் காகிதத்தை உரித்து உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வளர்ப்பு வீடுகளுக்கான மாதாந்திரப் பார்வையிடல். வந்தவர் அலமாரி, படுக்கை, மருந்துச் சீட்டு எல்லாம் பார்த்தார். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் குட்டியிடம் தனியாகப் பேசினார். அப்படித்தான் செய்யணும். போகும்போது என்னிடம், “ஸ்கூல்ல தண்ணியே குடிக்கறதில்லையாம். பொண்ணுங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையாம், தெரியுமாம்மா?” என்றார். எனக்குத் தெரியாது. கொண்டுபோகிற பாட்டில் நிரம்பியபடியே திரும்பி வருவதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நாளைக்கு ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்க்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் தாழ்ப்பாள் என்ன விலை என்று விசாரித்து வரச் சொல்லி இவரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்க்ரூவும் சேர்த்து.