ரேக்குல முதல்ல எதை மாட்டுறது?

பேஸ் கிடார்னா என்னன்னு எங்க ஊர்ல சொல்லிப் புரியவைக்கிறது கஷ்டம். ஆனா, கச்சேரியில அது இல்லேன்னா மட்டும் ‘என்னப்பா, பாட்டு சப்புன்னு இருக்கு?’ன்னு கரெக்டா கண்டுபிடிச்சிருவாங்க. இளையராஜா பாட்டுல சசிதரன், ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுல கீத் பீட்டர்ஸ்னு ஜாம்பவான்கள் பழக்கிவிட்ட காது பாஸ் அது! மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறைன்னு சுத்துவட்டாரத் திருவிழா மேடைகள்ல எங்க மெல்லிசைக் குழுவுக்கு நான்தான் பேஸ். மத்த நாள்ல டிரிப்பிள்-ஈ ஸ்டூடன்ட்.

இந்த வருஷம் குழுப் பணத்துல பேஸுக்குன்னு ஒரு ‘ரேக்’ ரெடி பண்ணலாம்னு முடிவாச்சு. காலேஜ் லேப்ல சர்வர், ஸ்விட்ச் எல்லாம் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்குமே ஒரு இரும்புச் சட்டம், அதேதான். அகலம் 19 இன்ச். உயரத்தை ‘யூ’ன்னு கணக்குப் பண்ணுவாங்க. ஒரு யூ, 1.75 இன்ச். போன நூற்றாண்டுல டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக வந்த அளவு இது. ப்ரீஆம்ப், பவர்ஆம்ப், கம்ப்ரஸர்னு எந்த கம்பெனி ரேக் அயிட்டம் வாங்கினாலும் அதுல கச்சிதமா உட்காரும்.

கையில 45,000 ரூபாய். அஞ்சு பேரும் ரெண்டு சீஸனா சம்பளத்துல பிடிச்சு வெச்சது. அதுல கீபோர்டு அண்ணனோட பங்குதான் எனக்கு உறுத்தல். போன வருஷம் ஒரு திருவிழாவுல நியூட்ரல் வயர் கழண்டு, அவரோட கீபோர்டு புகைஞ்சு போச்சு. ரெண்டு மாசம் இரவல் கீபோர்டுல வாசிச்ச மனுஷன், ரேக்குக்குக் காசு கேட்டப்போ ஒரு வார்த்தை பேசாம எடுத்துக் கொடுத்தார்.

‘ஆயிரம் வாட்ஸா வாங்கு மாப்ள, ஊரே அதிரணும்!’ - இது எங்க டிரம்ஸ். ஆசை எனக்கும்தான். ஆனா, கணக்கு வேற சொல்லுது. 500 வாட்ஸை 1,000 ஆக்கினா கூடுறது வெறும் 3 டெசிபல். ‘லேசா ஏறியிருக்கோ?’ன்னு சந்தேகம் வர்ற அளவு, அவ்வளவுதான். சத்தம் டபுள் ஆன மாதிரி காதுக்குத் தோணணும்னா சுமார் 10 டெசிபல் வேணும். அதாவது, பத்து மடங்கு பவர்! தவிர, டப்பாவுல கொட்டை எழுத்துல போட்டிருக்கிற வாட்ஸ் பெரும்பாலும் 4 ஓம்ஸுக்கோ அதுக்கும் கீழயோதான். எங்க ஸ்பீக்கர் பாக்ஸ் ஒண்ணே ஒண்ணு, அதுவும் 8 ஓம்ஸ். 4 ஓம்ஸ் கணக்குல கிட்டத்தட்ட பாதிதான் கைக்கு வரும்.

மைக்செட் அண்ணன் இன்னும் நேரா போட்டு உடைச்சார்... ‘தம்பி, நீ எவ்ளோ பெரிய பெட்டி வெச்சாலும் உங்கிட்டேருந்து நான் ஒத்த வயருதான் வாங்கப்போறேன்!’ அதான் நிஜம். ப்ரீஆம்ப்போட டி.ஐ. அவுட்லேருந்து ஒரு கேபிள் மிக்ஸருக்குப் போகும். ஜனங்க கேட்கிறது அவரோட ஸ்பீக்கர்லதான். என் பெட்டி, மேடையில எனக்கும் டிரம்ஸுக்கும் கேட்டா போதும்.

அதனால, பெரிய பவர்ஆம்ப் அவுட். கிளாஸ்-டி டைப்ல 1 யூ உயரத்துக்கு சின்னதா ஒண்ணு. வாங்குற கரன்ட்டைப் பெருசா சூடாக்கி வீணடிக்காது. ஹெவியான டிரான்ஸ்ஃபார்மர் வெச்ச பழைய ஆம்ப் மாதிரி தூக்கி இடுப்பு ஒடியவும் வேணாம். பஸ்லதானே போகணும்! வெயிட்டான ஆம்ப்பை முன்பக்கக் காதுல மட்டும் மாட்டினா, குலுங்குற குலுங்கல்ல அந்தக் காதே வளைஞ்சுடும்; பின்னாடியும் தாங்கு கொடுக்கணும்.

மிச்சமான காசுல வாங்கினதுதான் எனக்கு முக்கியம். திருவிழா மேடைக்கு வர்றது பெரும்பாலும் த்ரீ-ஃபேஸ் லைன். ஒரு ஃபேஸ்ல சீரியல் செட், இன்னொண்ணுல ஃபோகஸ் லைட், மூணாவதுல நாம. நியூட்ரல் ஒழுங்கா இருக்கிறவரைக்கும் எல்லாருக்கும் 230 வோல்ட். அது கழண்டா, லோடு கம்மியா இருக்கிற ஃபேஸ்ல 400 வோல்ட் பக்கம்கூட ஏறிடும். கண் சிமிட்டுற நேரம் வந்துபோற ஸ்பைக்கைத்தான் ஸ்பைக் கார்டு தாங்கும். இப்படி நின்னு விளையாடுற வோல்டேஜ்ல அதுவே எரிஞ்சுடும். தேவை, வோல்டேஜ் எகிறினதும் லைனையே துண்டிக்கிற கட்-ஆஃப் ரிலே. அதோட அவுட்புட்ல எனக்கு ரெண்டு பிளக், கீபோர்டு அண்ணனுக்கு ஒண்ணு. ரேக்ல முதல் யூ அதுக்குத்தான்.

அடுத்தது ப்ரீஆம்ப். அதுக்குக் கீழ ஓட்டை போட்ட வெறும் தகடு 1 யூ, சித்திரை வெயிலுக்குக் காத்து போக. அடியில பவர்ஆம்ப். மொத்தம் 4 யூ, அதாவது 7 இன்ச். டியூனர் செல்போன்லயே இருக்கு. கம்ப்ரஸர்? விரலை ஒழுங்கா வாசிக்கப் பழக்குறது அதைவிட சீப்!

பிளைவுட் பெட்டி மணப்பாறையில ஒரு ஆசாரி அடிச்சுக் கொடுத்தார். உள்ளே மாட்டுற ரெண்டு இரும்பு ரெயிலும் துவாக்குடி தொழிற்பேட்டையில ஒரு பட்டறையில ஓட்டை போட்டு வாங்கினது. ‘கம்ப்யூட்டருக்காப்பா?’ன்னு கேட்டார் பட்டறைக்காரர். ‘கச்சேரிக்குண்ணே’ன்னேன். ஒரு ஓட்டைக்குக் காசு வாங்கலை.

கீபோர்டு அண்ணன் பெட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, தன்னோட பிளக்குக்குப் பக்கத்துல பெயின்ட்டால பேரே எழுதிட்டார். டிரம்ஸ் இப்போ டேபிள் ஃபேனுக்கு நாலாவது பிளக் கேட்டு அடம்பிடிக்கிறான்.