சுழி தெரிந்த தலைகள்

மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு சின்ன சலூன். மூன்று நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, பெஞ்சில் தனித்தனித் தாளாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி. செவ்வாய் விடுமுறை. "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க, அப்பத்தான் தொழில் தெரியும்" என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், கடை திறக்கும்போதே போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன்.

வாடிக்கைக்காரருக்குத்தான் உபசாரம் பலமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், அங்கே நடந்தது நேர்மாறு. முகம் தெரியாத ஒருவர் வாசலில் தயங்கினால் போதும், "வாங்க சார், உக்காருங்க" என்கிறார். ஃபேன் அவர் பக்கம் திரும்புகிறது. "சைடுல மிஷின் போடவா, கத்தரியா? கிருதா இந்த அளவு இருக்கட்டுமா?" என்று அடுக்கடுக்காகக் கேள்வி. பழைய ஆள் நுழைந்தாலோ ஒரு தலையசைப்புதான். "இருங்கண்ணே, இவர முடிச்சிட்டு வர்றேன்." அந்த அண்ணன் முன்னால் வந்தவர், உட்கார்ந்தது பின்னால் வந்தவர். கேட்டால், "அவரு காத்திருக்க மாட்டாரு, எதுத்த கடைக்குப் போயிருவாரு. இவரு எங்க போகப் போறாரு?" என்றார், அண்ணனின் காதுபடவே. அண்ணன் சிரித்துக்கொண்டே தாளைப் புரட்டினார். எனக்கு இது அநியாயமாகத்தான் பட்டது.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கதை வேறு. புதிய தலையில் அவர் எடுத்தவுடன் தண்ணீர் அடிப்பதில்லை. "நனைச்சா முடி படிஞ்சு பொய் சொல்லும் சார்." காய்ந்த முடியில் சீப்பு விட்டு, உச்சியில் விரலால் தடவிச் சுழியைத் தேடுகிறார். பிடரியைத் தூக்கிப் பார்த்து, போன தடவை வெட்டியவன் எங்கே கோடு போட்டான் என்று பார்க்கிறார். அதன்பிறகும் ஒரு விரல்கடை நீளம் கூடுதலாகவே விட்டு வெட்டுகிறார். கண்ணாடியில் அந்த ஆளின் புருவத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைக்கிறார்.

பழைய தலைக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் இல்லை. காத்திருந்த அண்ணனுக்குச் சவரம். தாடையில் ஒரு மரு. நுரைக்கு அடியில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. கத்தி அதற்குச் சற்று முன்பே நின்றது. இடக்கை விரல் தோலை இழுத்துப் பிடித்தது. கத்தி சுற்றிக்கொண்டு போனது. தண்ணீர் லாரி வராத பேச்சு நடுவில் ஒரு நொடிகூட நிற்கவில்லை. "சக்கரை இருக்கிறவரு, கீறல் பட்டா ஆறாது" என்று பிறகு என்னிடம் சொன்னார். காதோர முடி, புருவத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு, கழுத்தில் ஒரு சொடக்கு, இவை எதற்கும் போர்டில் விலை கிடையாது.

பிளேடு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. காகித உறையோடு இரண்டாக ஒடித்து, ஆளுக்குப் பாதி கத்தியில் செருகுவது இருவருக்கும் ஒன்றுதான். புதியவருக்கு மட்டும் அதை அவர் முகத்துக்கு நேரே காட்டி ஒடிக்கிறார்.

பழைய ஆட்களைப் பற்றி இத்தனை தெரிந்தும் பெயர் தெரியாது. ஊரடங்குக்குப் பின் 2020 ஜூனில், சலூனுக்கு வருகிறவர்களின் பெயர், முகவரி, செல் எண், ஆதார் எண் எல்லாம் குறித்து வைக்கச் சொன்னது தமிழக அரசு. நோட்டுப் போட்டு எழுதும்போதுதான் 'ரெட்டைச்சுழி வாத்தியார்' என்று மட்டும் தெரிந்திருந்த பழைய வாடிக்கைக்காரரின் பெயரே இவருக்குத் தெரிந்ததாம். "பேரை எழுதிட்டு யாருப்பா இதுன்னு நிமிந்து பாக்குறேன், நம்ம வாத்தியாரு!"

இவருடைய அப்பா வைகைக் கரைக் கிராமம் ஒன்றில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். காசு கிடையாது, அறுப்புக்குக் களத்தில் நெல். அங்கே ஊரே நிரந்தர வாடிக்கை. கூப்பிட்ட நேரத்துக்குப் போயாக வேண்டும். தலித் தெருவுக்கு வெட்டக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாடும் உண்டு. தீண்டாமைக் குற்றத்துக்கு 1955இலேயே சட்டம் வந்துவிட்டது. சலூனில் இடமில்லை என்று விரட்டிய செய்தி இன்றும் வரத்தான் செய்கிறது. "இங்க வர்றவன் யாரு என்னன்னு கேக்காம தலைல கை வைக்கிறேன். எங்கப்பாவுக்கு அது கொடுத்து வைக்கல" என்றார். தெரியாத முகத்துக்கு அவர் காட்டும் அந்த மரியாதை வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

வியாபாரமும் இருக்கிறது. கார்த்திகை பிறந்தால் பழைய ஆட்களில் பாதிப்பேர் மாலை போட்டுக்கொள்வார்கள். மலைக்குப் போய் வரும்வரை கத்தரி படாது. அந்த நாட்களில் கடையை நடத்துவது வழிப்போக்கர்கள்தான்.

போர்டில் கட்டிங் 150 ரூபாய். வாத்தியார் 120 கொடுத்துவிட்டுப் போனார். "அவருக்கு எப்ப ஏத்தப் போறீங்க?" என்று கேட்டேன். "தீவாளிக்கு அப்புறம் சொல்லணும். போன தீவாளிக்கும் இதத்தான் நினைச்சேன்."

மூன்றாவது நாற்காலித் தம்பி இதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கூலி பாதிக்குப் பாதி. 120 ரூபாய்த் தலை அவன் பக்கம் வந்தால் அவனுக்குப் பதினைந்து ரூபாய் நட்டம். அதனால் பழைய ஆள் யார் வந்தாலும் "அண்ணன் வெட்டுனாத்தான் உங்களுக்கு நல்லாருக்கும்" என்று பெஞ்சைக் காட்டிவிடுகிறான். அவர்களும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, முதலாளி நாற்காலி காலியாகும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள்.