உம்மும்மாவின் கூடம்

ஆசிரியர் வேலை பெண்களுக்கு ஏற்றது என்று நம் வீடுகளில் சொல்லும்போது, மாலையில் பொழுதோடு வீடு திரும்பிவிடலாம் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். தமிழில் இளங்கலைப் பட்டம் பெற்றபின் நான் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்ல விரும்பியபோது இந்தக் காரணமே எனக்காகப் பரிந்து பேசிற்று. ஆனால், பி.எட். வேண்டாம், தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில்தான் சேரப் போகிறேன் என்றதும், பரிந்து பேசியவர்களே முகம் சுளித்தார்கள். “பட்டம் வாங்கிய பிள்ளை, அ ஆ சொல்லிக் கொடுக்கவா போகிறது?” என்றார் மாமி. வாப்பா மட்டும், “அதற்குத்தானே நன்றாகப் படித்தவர்கள் வேண்டும்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள்.

என் விருப்பத்தின் வேர் எங்கள் கூடத்தில் இருக்கிறது. கீழக்கரையில் வீடு பெண்மக்களுக்கே உரியது. மணமான பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழ்வாள்; மருமகன்தான் அங்கே வந்து சேர்வார். ஆகவே எங்கள் உம்மும்மா தம் உம்மாவிடம் எந்தக் கூடத்தில் ஓதினார்களோ, அதே கூடத்தில்தான் பின்னாளில் தெருப் பெண்பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தார்கள். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் சிறுமியர் வந்து பாயில் அமர்வார்கள். அலிஃப், பே எழுத்தறிந்த சிறுமி, அப்போதுதான் வந்த சிறுமிக்குச் சொல்லிக் கொடுப்பாள். உம்மும்மா ஊதியம் என்று எதையும் கேட்டதில்லை. ஒரு பிள்ளை குர்ஆனை ஓதி முடித்த நாளில் அந்த வீட்டிலிருந்து இனிப்பும் ஒரு சேலையும் வரும், அவ்வளவுதான்.

மனப்பாடத்தை அவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். ஒரு பிள்ளை கடகடவென்று ஓதிக்கொண்டே போனால் உள்ளங்கையால் பக்கத்தை மூடி, நடுவில் ஒரு சொல்லை மட்டும் விரல் இடுக்கில் காட்டி, “இது என்ன?” என்பார்கள். அந்த இடத்தில்தான் ஓதத் தெரிந்தவள் யார், ஒப்பிப்பவள் யார் என்பது வெளிப்படும்.

அரபுத்தமிழும் அவர்களுக்குத் தெரியும். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் அமைத்துக்கொண்ட எழுத்துமுறை அது. எங்கள் ஊரின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அதில் எழுதியதால், எத்தனையோ பெண்கள் வீட்டைவிட்டு வெளியேறாமலே அவற்றைக் கற்றார்கள். உம்மும்மா அத்தகைய நூல்களைத் தடையின்றி வாசிப்பார்கள். அதே தமிழைத் தமிழ் எழுத்தில் வைத்தால் வாசிக்க இயலாது. எழுதவோ, எந்த எழுத்திலும் பழகியதில்லை. பெண்பிள்ளைக்கு ஓதக் கற்றுக் கொடு, எழுதக் கற்றுக் கொடுக்காதே என்று எண்ணிய காலம் அது. என் உம்மாவுக்கு வீட்டை எழுதி வைத்த பத்திரத்தில், இத்தனை பிள்ளைகளின் உஸ்தாதான அவர்கள் பெருவிரலில் மை தடவிக் கைநாட்டு வைத்தார்கள்.

அந்த அச்சத்துக்கு மார்க்கத்தில் ஆதாரம் தேடுவோர் அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பைப் புரட்டிப் பார்க்கலாம். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி. பெருமானார் (ஸல்) அவர்களே அதனைக் குறிப்பிட்டு, மற்றொன்றையும் ஹஃப்ஸாவுக்குக் கற்றுக் கொடுக்கும்படி அப்பெண்மணியிடம் கூறியிருக்கிறார்கள். இவ்வளவு தெளிவான செய்தி நம் தெருக்களுக்கு வந்து சேர ஏன் இத்தனை தாமதமாயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயிற்சி நிறுவனத்தில் கல்வி வரலாறு படிக்கும்போது ஆண்ட்ரூ பெல் என்பவரைப் பற்றிச் சொன்னார்கள். 1789 முதல் சென்னையில் ஓர் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்தியவர் அவர். நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். கற்ற பிள்ளையைக் கொண்டே மற்றப் பிள்ளைக்குக் கற்பித்தார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்து அதனைச் ‘சென்னை முறை’ என்று கொண்டாடிற்று. நான் குறிப்பேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் கூடத்துப் பாயை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கற்பித்தல் பயிற்சிக்காக இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்கு என்னை அனுப்பினார்கள். நான்காம் வகுப்பில் ஒரு மீனவச் சிறுமி. பாடத்தை எடுத்ததும் மளமளவென்று வாசித்தாள். வகுப்பே அவளைக் கெட்டிக்காரி என்றது. எனக்கு ஏதோ ஐயம். பக்கத்தை உள்ளங்கையால் மூடி, நடுவில் ‘மழை’ என்ற சொல்லை மட்டும் காட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். மூன்று ஆண்டுகளாகப் பிறர் வாசிப்பதைக் காதால் வாங்கியே அவள் வகுப்பேறி வந்திருக்கிறாள். இத்துணைக் கூர்மையான செவியும் நினைவும் உடைய பிள்ளைக்கு எழுத்து மட்டும் கிட்டவில்லை.

அன்றிலிருந்து இடைவேளையில் அவளுக்கெனக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினேன். பள்ளியைச் சுற்றிலும் மணலுக்குப் பஞ்சமில்லை. முதலில் விரலால் மணலில், பிறகு பலகையில், பிறகு தாளில். ‘ழ’கரத்தின் சுழிப்பு அவளுக்கு நான்கு நாள் பிடித்தது. வந்தபின் விடவில்லை; ‘மழை’, ‘வாழை’, ‘கிழவி’ என்று பள்ளி முற்றமெங்கும் எழுதி வைத்தாள்.

பார்வையிட வந்த விரிவுரையாளர், கையால் மறைத்துக் கேட்கும் இந்த உத்தியை எந்த நூலில் படித்தாய் என்று வினவினார். உம்மும்மாவிடம் என்றேன். சிரித்துவிட்டு, பாடத்திட்டக் குறிப்பேட்டில் ஏதேனும் ஒரு தலைப்பின்கீழ் எழுதிவிடச் சொன்னார். ‘மதிப்பீடு’ என்ற கட்டத்தில் எழுதினேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியதாயிற்று.