பிழை பிள்ளையில் இல்லை

உயர்தர ஐ.சி.டி. பிள்ளைகளிடம் வீட்டில் பைதன் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் ஒரு மாணவி வந்து, "சேர், எனக்கு இந்தப் பாடம் சரிவராது. வேற பாடத்துக்கு மாறப் போறன்" என்றாள்.

விசாரித்தால், நானாவின் பழைய லெப்டொப்பில் மூன்று தரம் முயன்றிருக்கிறாள். மூன்று தரமும் பிழைச் செய்தி. டேட்டாவும் முடிந்துவிட்டது.

லெப்டொப்பைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். விண்டோஸ் 7. அதற்குப் பைதன் 3.8தான் கடைசி, 3.9 முதல் வந்தவை அதில் ஏறாது. அவள் இறக்கியிருந்தது புதியது.

3.8ஐப் போட்டோம். ஏறியது. ஆனால் கட்டளைத் திரையில் பைதன் என்று அடித்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்றது. நிறுவும்போது முதல் பக்கத்தின் அடியில், பைதனை 'பாத்'தில் சேர்க்கவா என்று ஒரு சிறிய பெட்டி கேட்கும். அதில் சரி போடாவிட்டால், பைதன் உள்ளே இருந்தும் கணினிக்கு அதன் விலாசம் தெரியாது. திரும்ப நிறுவி, சரி போட்டோம். அல்ஹம்துலில்லாஹ், வேலை செய்தது.

பிழை அவளுடையதல்ல. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் அனுப்பிய என்னுடையது. ஒரு சின்னப் பெட்டிக்காக ஒரு பிள்ளை பாடத்தையே விடப் பார்த்தது.

பெற்றோர்களே, பிள்ளை "எனக்கு ஏலாது" என்றால், ஏசமுதல் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லுங்கள். 32 பிட், 64 பிட் இரண்டுக்குமான 3.8 இப்போது என் பென் டிரைவில் இருக்கிறது. தேவையானவர்கள் வாருங்கள், டேட்டா செலவில்லை.