அப்பா வீட்டு வாசக்கால்

ரெண்டு மாசமா ஞாயிற்றுக்கிழமை உழவாரப் பணிக்கு என்னைக் காணோமேன்னு சிலர் கேட்டீங்க. மனஸ்தாபம் ஒன்னும் இல்லை. தைப்பிங்கில் எங்க அப்பா வீட்டைப் பழுது பார்த்துக்கிட்டு இருந்தேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அப்பா 1971-ல் வாங்கிய வீடு. கீழே சிமெண்டு, மேலே பலகை. அப்பா போன பிறகு அம்மா மட்டும்தான் அங்கே. கரையான் வந்துட்டுதுன்னு காண்ட்ரேக்டரைக் கூப்பிட்டோம். அவர் ஒரு சுற்று சுற்றிவந்து, "மரத்தை எல்லாம் கழட்டிடலாம், அலுமினியம் போட்டா தொல்லை இல்லை"ன்னார். தம்பிக்கும் அதுதான் சரின்னு பட்டது. பாதிச் செலவு அவனுடையது, அவன் பேச்சிலும் நியாயம் உண்டு. நானும் தலையாட்டத்தான் போனேன்.

அம்மா, "வாசக்காலை மட்டும் விட்டுடுங்கய்யா"ன்னாங்க. வேற ஒன்னும் சொல்லலை.

பக்கத்துத் தெருவில் வயசான சீனத் தச்சர் ஒருத்தர் இருக்கார். அங்கிளை அழைச்சுட்டு வந்தேன். அவர் கையில் ஒரு ஸ்குரூடிரைவர்தான். மரத்தைக் குத்திக் குத்திப் பார்த்தார். சன்னல் மெராந்தி, குத்தினதும் உள்ளே போயிடுச்சு, வெறும் பொடி. வாசக்காலும் கதவும் செங்கால். நுனிகூட இறங்கலை. அழுகினது அடியில் நாலு அங்குலம்தான். அதுக்கும் கரையான் காரணமில்லை. டைல் போட்டப்போ காலைச் சுத்தி சிமெண்டு வச்சு அடைச்சது நாங்கதான். வாசல் கழுவுற தண்ணி போக வழியில்லாம அங்கேயே நின்னிருக்கு.

அந்த நாலு அங்குலத்தை மட்டும் அறுத்து, உடைச்ச வீட்டிலிருந்து வந்த பழைய செங்கால் துண்டைச் சேர்த்தார். கூலி அலுமினியக் கதவை விடக் கூடத்தான். சன்னலுக்கு அலுமினியமே போட்டோம், அதில் வீம்பு பண்ணலை.

சாயம் சுரண்டினது நான். தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அடிச்ச சாயம். காப்பிக் கலர், அதுக்குக் கீழே நீலம், பச்சை, திரும்பவும் நீலம். இங்கே ஒரு விஷயம், வீட்டில் இதைச் செய்யப் போறவங்க கவனிங்க: பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம். காய்ஞ்சபடி தேய்ச்சுத் தூள் கிளப்பாதீங்க. தண்ணி தொட்டுத் தேய்க்கணும், தூசுக்கான முகக்கவசம் போடணும், பிள்ளைங்களைக் கிட்டே விடக்கூடாது.

மேல்சட்டத்தில் சாயம் போனதும் சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிஞ்சது. அப்பா தோரணம் கட்ட அடிச்ச ஆணிகள். பொங்கல், தைப்பூசம், தீபாவளி, எங்க கல்யாணங்கள். செங்கால்ல துளை போடாம அடிச்சா ஆணி மடங்கிடும். மனுஷன் எத்தனை ஆணியை மடக்கித் திட்டினாரோ. அங்கிள் பட்டி வச்சு அடைக்கவான்னு கேட்டார். அம்மா வேணாம்னுட்டாங்க. எண்ணெய் மட்டும் பூசினோம். தம்பி வந்து ரொம்ப நேரம் தடவிப் பார்த்துட்டு, "வருஷா வருஷம் யார் எண்ணெய் போடுறது?"ன்னான். நீதான்னேன். சிரிச்சான், மறுக்கலை.

இதை ஏன் இங்கே எழுதுறேன்னா, போன திருப்பணியப்போ நம்ம கோயில் மடப்பள்ளியின் பழைய கதவை லாரியில் ஏத்தினவங்கள்ல நானும் ஒருத்தன். அது என்ன மரம்னுகூட நாங்க யாரும் பார்க்கலை. சாயம் உரிஞ்சிருந்தது, அவ்வளவுதான். சுரண்டிக்கிட்டு இருந்தப்போ அந்தக் கதவு நெனைப்பாவே இருந்துச்சு.

அடுத்த திருப்பணிக்குப் பின்கட்டு ஸ்டோரைக் காலி பண்ணப் போறாங்க. பழைய வாகனப் பலகை, பல்லக்குத் தண்டு, ரெண்டு சன்னல் அங்கே கிடக்கு. எதையும் தூக்கிப் போடுறதுக்கு முன்னே ஒருமுறை பார்த்துடுவோம்னு தலைவர்கிட்ட கேட்டேன், சரின்னுட்டார். இந்த ஞாயிறு காலை 8 மணி. பழைய சட்டை போட்டுட்டு வாங்க. ஸ்குரூடிரைவர் நான் கொண்டு வர்றேன்.