பூட்டும் தாழ்ப்பாளும் அம்மாவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி அதிகம். போன வாரம் நிஜமாவே ஆணி புடுங்குற வேலை ஒண்ணு வந்துச்சு, அதான் இந்தப் பதிவு.

சொந்த ஊர் திண்டுக்கல். பூட்டுக்குப் பேர் போன ஊர், 2019ல புவிசார் குறியீடு வேற வாங்கியாச்சு. அப்பேர்ப்பட்ட ஊர்ல எங்க பின் தெருவுல ஒரு வீட்ல திருடு போயிடுச்சு. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு. கொடுமை என்னன்னா, பூட்டு உடையவே இல்லை. கடப்பாரையால நெம்புனதுல கொண்டி ஸ்க்ரூவோட பிடுங்கிட்டு வந்திருக்கு. பூட்டு மட்டும் பூட்டினபடியே பத்திரமா தொங்குது!

1851ல லண்டன் மகா கண்காட்சி சமயத்துல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாதுன்னு பேர் வாங்கின பிராமா பூட்டைத் திறந்து காட்டினார். 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் ஆச்சாம். நம்ம ஊர் திருடனுக்கு அவ்ளோ பொறுமை ஏது? அவன் பூட்டைப் பார்க்கிறதே இல்லை, பூட்டைத் தாங்குறது எதுன்னுதான் பார்க்கிறான்.

அம்மா போன்ல சொன்னதும் வெள்ளிக்கிழமை ராத்திரியே பெங்களூர்ல பஸ் ஏறிட்டேன். மெக்கானிக்கல் படிச்சிட்டு பொட்டி தட்டுறவனுக்கு ஸ்பேனர் பிடிக்கிற வாய்ப்பு எப்பவாவதுதானே வருது :)

எங்க வாசக்கதவுலயும் அதே கதை. தாத்தா காலத்து மாங்காய் பூட்டு, கையில எடுத்தாலே கனம் தெரியும். அதைத் தாங்குற கொண்டியில நாலே நாலு அரை இஞ்ச் ஸ்க்ரூ. அதுல ஒண்ணு என் விரலாலேயே கழண்டு வந்துடுச்சு. கடைக்காரர், "ஸ்க்ரூ வேணாம் தம்பி, கதவுல போல்ட் நட்டு போட்டுருங்க"ன்னார். கதவை முழுசா துளைச்சு, போல்ட்டோட உருண்டைத் தலை வெளியே, நட்டு உள்ளே. வெளியேர்ந்து திருக எதுவுமே கிடையாது. நிலையில இருக்கிற கொண்டிக்கு மட்டும் 3 இஞ்ச் ஸ்க்ரூ. மொத்த செலவு ஒரு சினிமா டிக்கெட், பாப்கார்ன் அளவுகூட வரல.

கொல்லைக் கதவு இன்னும் மோசம். பக்கத்து ஜன்னல் கம்பி வழியா கையை விட்டா உள் தாழ்ப்பாள் எட்டுது. நானே வெளியே நின்னு திறந்து காட்டினேன். அப்பா முகம் போன போக்கைப் பார்க்கணுமே! ஜன்னலுக்குக் கம்பி வலை அடிச்சு, தாழ்ப்பாளைக் கீழே இறக்கியாச்சு.

அப்பாவுக்குக் குஷி வந்துடுச்சு. வாசக்கதவுக்கு உள் பக்கம் இன்னும் மூணு தாழ்ப்பாள் போடச் சொன்னார். முதல்ல மேலே ஒண்ணு மாட்டினேன். அடுத்ததுக்கு டிரில்லை எடுக்கும்போதுதான் அம்மா அடுப்படியிலேர்ந்து வந்து மெதுவா சொன்னாங்க.

"உள்ளே இத்தனை போட்டுட்டா, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருடா உள்ள வருவா?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்துச்சு. போன வருஷம் அப்பா பேங்க்குக்குப் போயிருந்த நேரம், அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்திருக்காங்க. சத்தம் கேட்டு எதிர்வீட்டு அக்கா ஓடி வந்தும் உள் தாழ்ப்பாளால ஒண்ணும் பண்ண முடியல. அம்மா தவழ்ந்து வந்து கதவைத் திறக்க முக்கால் மணி நேரம். எங்கிட்ட ரெண்டு பேருமே மூச்சு விடல. "நீ அங்க கிடந்து கவலைப்படுவ"ன்னு அம்மா சொல்றாங்க. அப்பா ஜன்னலைப் பார்த்துட்டு நிக்கிறார். எனக்குக் கோபம் வந்துச்சு, யார்மேலன்னு தெரியல. வாரா வாரம் போன் பண்றவன் நான்தானே.

டிரில்லைக் கீழே வெச்சுட்டேன். மறுபடி கடைக்குப் போய் ஒரு நைட் லாட்ச் வாங்கிட்டு வந்தேன். உள்ளே குமிழைத் திருப்பினா திறக்கும், வெளியேர்ந்து சாவி போட்டும் திறக்கலாம். ஒரு சாவி எதிர்வீட்டு அக்காகிட்ட. பாத்ரூம் தாழ்ப்பாளையும் கழட்டிட்டு, வெளியேர்ந்து காசை வெச்சுத் திருகித் திறக்கிற மாதிரி ஒண்ணு மாட்டினேன். பகல்ல லாட்ச் மட்டும், ராத்திரி ரெண்டு பேரும் இருக்கும்போது மேல் தாழ்ப்பாள். இதுதான் ஒப்பந்தம்.

நேத்து போன் பண்ணினேன். அப்பா இப்பவும் வெளியே கிளம்பும்போது "மேல் தாழ்ப்பாளையும் போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டுத்தான் போறாராம். அம்மா சரிங்கன்னு சொல்லிட்டு, போடுறதில்லையாம்.